ஃபோல்டிங் அட் ஹோம்: மறதிநோய் ஆய்வுக்கு வீட்டுக் கணினியை ஓட்டலாமா?

கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் வீட்டில் இருந்து, அது நாளில் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்றால், ஃபோல்டிங் அட் ஹோம் மென்பொருளைத் தயங்காமல் நிறுவுங்கள். பழைய லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். ஆய்வுக்கும் பெரிதாகப் பயன்படாது, லேப்டாப்பும் கெடும்.

மென்பொருளுக்குக் காசு கிடையாது. நாம் கொடுப்பது கரன்ட். அல்சைமர் போன்ற நோய்களில் புரதங்கள் எப்படி அசைந்து உருமாறுகின்றன என்று கணக்கிட, 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கிய திட்டம் இது. இன்று கிரெக் போமன் தலைமையில் நடக்கிறது. அவருடைய ஆய்வகம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகள் கணக்கின் ஒரு துண்டை வாங்கி, முடித்து, திருப்பி அனுப்புகின்றன. திரையில் அதை ஒர்க் யூனிட் என்று காட்டும். கரன்ட் யூனிட்டோடு குழம்ப வேண்டாம் என்பதால் இங்கே வேலைத்துண்டு என்றே எழுதுகிறேன்.

அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கீழே சொல்லப்போகும் அமைப்புகள் ஏன் அப்படி என்பதும் விளங்கும். அல்சைமரில் அமிலாய்டு பீட்டா, பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின், ஹன்டிங்டன் நோயில் ஹன்டிங்டின் என்று மூன்றிலும் ஒரு புரதம் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. திரளத் தொடங்கும்போது ஒவ்வொரு அணுவும் எப்படி நகர்கிறது என்பதைச் சோதனைச்சாலையில் நேரே பார்ப்பது மிகக் கடினம். அதனால் அணு அணுவாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கணக்கடியில் காலம் 2 முதல் 4 ஃபெம்டோ வினாடிதான் நகரும். ஒரு வினாடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ வினாடி. 2 ஃபெம்டோ வினாடி அடியாக வைத்து ஒரு மில்லி வினாடியை எட்ட 50,000 கோடி அடிகள் வேண்டும். ஒரே கணினியால் ஆகிற காரியமில்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வேலைத்துண்டுக்கும் புராஜெக்ட், ரன், குளோன், ஜென் என்று நான்கு எண்கள் உண்டு. ரன் என்பது புரதம் தொடங்கும் உருவம். குளோன் என்பது அதே உருவம், அணுக்களின் தொடக்க வேகம் மட்டும் வேறு. ஜென் என்பது காலத் தொடர்ச்சி. ரன்னும் குளோனும் எத்தனை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஜென் அப்படி இல்லை. 41ஆம் ஜென் முடிந்து சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் 42ஆம் ஜென் பிறக்கும். உங்கள் கணினியில் ஒரு துண்டு பாதியில் கிடந்தால், அந்தத் தொடர் முழுவதும் அங்கேயே நிற்கிறது. இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்: நிறைய நேரம் ஓட்டுவதைவிட, எடுத்ததைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பது மேல்.

முடித்த துண்டுகளுக்குத் திட்டம் தரும் புள்ளிகளின் கணக்கும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. அடிப்படைப் புள்ளியோடு விரைவுக்கான ஊக்கப்புள்ளி சேரும். கெடுவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒட்டி ஊக்கம் தருகிறார்கள். நான்கு மடங்கு தாமதித்தால் கிடைப்பது பாதி. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கெடு உண்டு. முதல் கெடு தாண்டினால் அதே துண்டை வேறொருவருக்கும் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கு ஊக்கம் கிடையாது. இரண்டாவது தாண்டினால் உங்கள் கணினி செய்ததெல்லாம் குப்பைக்குப் போகும். எரிந்த கரன்ட் எரிந்ததுதான்.

புரத உருவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு வந்து, அதை உருவாக்கியவர்கள் 2024இல் வேதியியல் நோபலும் வாங்கிவிட்டார்கள், இனி எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆல்ஃபாஃபோல்டு ஒரு புரதம் மடிந்து நிற்கும் உருவத்தை அருமையாகக் கணிக்கிறது. ஆனால் அமிலாய்டு பீட்டாவும் ஆல்ஃபா சைனூக்ளினும் தனியாக நீரில் இருக்கும்போது நிலையான உருவமே இல்லாதவை. கணத்துக்குக் கணம் வளைந்து நெளிந்துகொண்டே இருக்கும். எந்த உருவத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது, எதிலிருந்து எதற்குத் தாவுகிறது என்பதே அங்கே கேள்வி. அதற்கு அசைவைக் கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும். மறதிநோயைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் தேவை குறைந்துவிடவில்லை.

நிறுவுவது எளிது. ஃபோல்டிங்அட்ஹோம் டாட் ஆர்க் என்ற அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு. மேக்கில் சிபியூ மட்டும் ஓடும், கிராபிக்ஸ் பக்கம் ஓடாது. இப்போதைய எட்டாம் பதிப்பில் கட்டுப்பாடெல்லாம் பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தில்தான். இமெயில் கொடுத்துக் கணக்கு உருவாக்கி, கணினியை அதோடு இணைத்துவிட்டால், வீட்டில் ஓடும் கணினியை வெளியிலிருந்தும் போன் பிரவுசரில் பார்க்கலாம், நிறுத்தலாம், தொடங்கலாம். பழைய ஏழாம் பதிப்போடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி ஒன்றே போதும், பழையதை விட்டு மாறுவதற்கு.

அடுத்தது பாஸ்கீ. முடித்த துண்டுகள் உங்களுடையவை என்று அடையாளம் காட்டும் 32 எழுத்துகள் கொண்ட குறி, இமெயிலில் வரும். அதைப் பதிந்து பத்து வேலைத்துண்டுகளை முடித்த பிறகே ஊக்கப்புள்ளி தொடங்கும்; எடுத்த துண்டுகளில் 80 சதவீதத்தையாவது சரியாக முடித்துக் கொடுத்திருக்கவும் வேண்டும். புள்ளியில் அக்கறை இல்லாதவர்களும் பாஸ்கீ போடுவது நல்லது, அந்த விகிதமே உங்கள் கணினி ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு அளவுகோல். நீங்கள் கொடுக்கும் பெயர் புள்ளிப் பட்டியலில் எல்லோருக்கும் தெரியும்படி வரும் என்பதால் சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும்.

எந்த நோய்க்காக என்று கேட்கும் இடத்தில் அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன், புற்றுநோய், நீரிழிவு முதலியவை இருக்கும். அல்சைமரைத் தேர்ந்தாலும் அது விருப்பம் மட்டுமே, உறுதி அல்ல. அந்த நேரத்தில் அல்சைமர் வேலை கையிருப்பில் இல்லையென்றால் வேறு நோய்க்கான துண்டு வரும். வந்த துண்டின் புராஜெக்ட் எண்ணை அழுத்தினால் அது எதைப் பற்றியது, யார் நடத்துகிறார்கள் என்ற விளக்கம் கிடைக்கும். மறதிநோய்க்காக மட்டுமே உழைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வருபவர்களுக்கு இது உறுத்தும். பிடிக்காத துண்டு வந்தால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எறியப்பட்ட துண்டை வேறொருவர் வாங்கி முடிக்கும்வரை அதன் தொடர் காத்துக் கிடக்க நேரும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று. அமைப்புகளில் ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டு) பட்டியலில் உங்கள் கார்டுக்கு நேரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிபியூ மட்டும் திணறிக்கொண்டிருக்கும், கார்டு சும்மா இருக்கும். நாளுக்குச் சில மணி நேரமே ஓட்டப்போகிறீர்கள் என்றால் நேர்மாறாகச் செய்யுங்கள்: கார்டுக்கு டிக் போட்டு, சிபியூ எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். நான்கு கோர் சிபியூவில் ஒரு துண்டு முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தினம் ஆறு மணி நேரம் என்று பிய்த்துப் பிய்த்து ஓட்டினால் முதல் கெடுவைத் தாண்டிவிடும். நடுத்தரக் கார்டில் பல துண்டுகள் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிபியூவையும் ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஓரிரு கோர்களை விட்டுவையுங்கள். என்விடியா கார்டுக்குத் தீனி போட ஒரு சிபியூ திரெட் முழுதாக வேண்டும்; அது கிடைக்காவிட்டால் கார்டின் வேகம் படுத்துவிடும்.

கரன்ட் கணக்கைப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மின் அளவு 170 வாட். மற்ற பாகங்களோடு சேர்த்துச் சுவரிலிருந்து 250 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓட்டினால் 6 யூனிட், இரண்டு மாத பில்லில் 360 யூனிட். தமிழ்நாட்டில் 200 யூனிட்டில் நிற்கும் வீடு 560க்குப் போகும். 500ஐத் தாண்டும்போது மேலே ஏறிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிக் கட்டணமும் மாறுகிறது என்பதால் பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வரும். அதே கணினியை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். ஒரு சராசரிக் குடும்பம் தாங்கக்கூடிய அளவு இது. மொட்டைமாடியில் சோலார் போட்டிருப்பவர்கள் வெயில் நேரத்தில் ஓட்டினால் செலவு இன்னும் இறங்கும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கார்டு குடிக்கும் கரன்ட் 30 சதவீதம் குறையும். வேகம் அந்த அளவுக்குக் குறையாது, பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளுக்குத்தான் கார்டு கண்டபடி கரன்ட் எடுக்கிறது. விசிறிச் சத்தமும் அடங்கும்.

எடுக்கும் 250 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறும். ஏசி அறையில் ஓட்டினால் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி குடிக்கும் கரன்ட் தனி. சித்திரை, வைகாசியில் நிறுத்திவிட்டு ஐப்பசிக்கு மேல் தொடர்வதில் குற்றமே இல்லை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கணினி, பன்னிரண்டு மாதமும் சூட்டில் துண்டுகளைக் கெடுத்த கணினியைவிட நல்ல உதவி. கேபினெட்டின் தூசியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது ஊதி எடுங்கள்.

லேப்டாப்பை வேண்டாம் என்றதற்குக் காரணமும் சூடுதான். சில நிமிட உச்ச வேலைக்காக வடிவமைத்த குளிரூட்டலை மணிக்கணக்கில் முழு வேகத்தில் வைத்தால் விசிறி தேயும், பேட்டரி சூட்டில் உப்பும். தனி கிராபிக்ஸ் உள்ள கேமிங் லேப்டாப் என்றால் அடியில் காற்று போக இடம் விட்டு, பவர் லிமிட்டைக் குறைத்து, பேட்டரியில் இருக்கும்போது ஓடக்கூடாது என்ற அமைப்பை உறுதிசெய்து ஓட்டலாம். சிபியூவோடு சேர்ந்தே வரும் இன்டெல் கிராபிக்ஸை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கரன்ட் கட் ஆனால் எல்லாம் போய்விடுமா? போகாது. நடுநடுவே சேமித்துக்கொண்டே போகும். கார்டு வேலையில் சில சதவீதத்துக்கு ஒரு முறை சேமிக்கும். கரன்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். பாஸ் பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான், கடைசிச் சேமிப்புக்குப் பின் செய்தது போகலாம். அதனால் அடிக்கடி பாஸ் செய்து செய்து ஓட்டுவது வீண். யூபிஎஸ் இருந்தால் கணினியை ஒழுங்காக அணைக்க மட்டும் அதை நம்புங்கள். இந்தச் சுமையில் சாதாரண 600 விஏ யூபிஎஸ் சில நிமிடமே தாங்கும், பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை.

பாஸுக்குப் பக்கத்தில் ஃபினிஷ் என்று ஒரு பொத்தான் உண்டு. கையிலுள்ள துண்டை முடித்து அனுப்பிவிட்டு, புதிதாக எதையும் வாங்காமல் நிற்கும். இந்த மென்பொருளிலேயே மிக உபயோகமான பொத்தான் அதுதான். இரவு ஒன்பது மணிக்கு மீதி நேரத்தைப் பார்த்து ஃபினிஷை அழுத்திவிட்டால், அது முடிந்ததும் தானாக ஓய்ந்துவிடும். ஊருக்குப் போகும் முந்தின நாளும் அழுத்த வேண்டியது இதையே.

பழுதுகளில் அடிக்கடி வருவது ‘பேட் ஸ்டேட்’ என்று மென்பொருளின் பதிவேட்டில் (லாக்) தெரியும் பிழை. அணுக்களின் கணக்கு எங்கோ எகிறி, எண்கள் அர்த்தமிழந்துவிட்டன என்று பொருள். மென்பொருள் சேமித்த இடத்துக்குத் திரும்பி மறுபடி முயலும். மீண்டும் மீண்டும் வந்தால் துண்டைக் கைவிட்டு, கெட்டுவிட்டது என்று சர்வருக்குச் சொல்லும். எப்போதாவது ஒன்று வந்தால் துண்டிலேயே கோளாறு இருக்கலாம். தொடர்ந்து வந்தால் உங்கள் கார்டுதான் காரணம்: ஓவர்கிளாக் (கார்டை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது), மெமரியின் வேகம், சூடு, பலவீனமான பவர் சப்ளை என்ற வரிசையில் பாருங்கள். கேமில் ஒரு புள்ளி நிறம் மாறினால் கண்ணுக்கே தெரியாது. இங்கே ஒரு எண் பிசகினால் அடுத்த அடியெல்லாம் பிசகும். கேமில் நிலையாக ஓடும் ஓவர்கிளாக் இங்கே நிலையாக ஓடும் என்று சொல்ல முடியாததற்கு அதுவே காரணம். தயாரிக்கும்போதே ஓவர்கிளாக் செய்து வரும் கார்டுகளையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

கார்டு பட்டியலிலேயே வரவில்லையென்றால் டிரைவர். விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரில் சில சமயம், கார்டில் கணக்குப் போட வேண்டிய ஓபன்சிஎல் பகுதி இருக்காது. என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து முழு டிரைவரை இறக்கிப் போட வேண்டும். லினக்ஸில் ஓபன்சிஎல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். என்விடியா கார்டில் அந்த நிறுவனத்தின் சொந்த வழியான கூடா (CUDA) மூலம் ஓடுகிறதா என்று பதிவேட்டில் ஒரு பார்வை பாருங்கள், ஓபன்சிஎல்லைவிட அது வேகம். இறக்கமும் ஏற்றமும் துண்டுக்குத் துண்டு மாறும், பத்துக்கணக்கான எம்பி வரை போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் கவனிக்க. அலுவலகக் கணினியில் அனுமதியில்லாமல் நிறுவாதீர்கள், திட்டத்தின் விதியே அதைத் தடுக்கிறது.

இத்தனையும் செய்து மறதிநோய்க்கு என்ன கிடைத்தது? இந்த வழியாகப் பிறந்த அல்சைமர் மருந்து எதுவும் கடையில் இல்லை. அதை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கிடைத்தது அடித்தள அறிவு. அமிலாய்டு பீட்டா 40 அமினோ அமில நீளத்திலும் 42 நீளத்திலும் இருக்கும். 42தான் அதிகம் திரளும். கூடுதலாக உள்ள இந்த இரண்டு அமினோ அமிலங்களும், நோயைக் கொண்டுவரும் ஒரு மரபணு மாற்றமும் புரதத்தின் உருவங்களை எப்படி மாற்றுகின்றன என்று 2012இல் பாண்டேயின் குழு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. இப்போது போமனின் ஆய்வகம் ஆர்வம் காட்டுவது, உடலில் கொழுப்பைச் சுமக்கும் ஏபிஓஇ (ApoE) புரதத்தில். 299 அமினோ அமிலங்கள் கொண்ட இதில் ஈ3 வகைக்கும் ஈ4 வகைக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் வேறுபாடு: 112ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் ஆர்ஜினைன். அந்த ஒன்றால் அல்சைமர் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது, முக்கியமாகப் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஈ4 வந்தவர்களுக்கு. ஈ4 ஒரே உருவத்தில் நிற்காமல் பல உருவங்களில் உலவுகிறது என்று காட்டிய 2023 கட்டுரையில் போமனும் ஒருவர். எந்த உருவத்தைப் பிடித்து நிறுத்த மருந்து தேடுவது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

வேகமாக என்ன செய்ய முடியும் என்பதற்கு 2020 சாட்சி. கொரோனா காலத்தில் ஏறக்குறைய 30,000 ஆக இருந்த கருவிகள் பத்து லட்சத்தைத் தாண்டின. வைரஸின் புரதங்களுக்காக மொத்தம் 0.1 வினாடி அளவுக்கு அசைவைக் கணக்கிட்டார்கள். இந்தத் துறையில் அது மலைக்க வைக்கும் நீளம். அந்த வாரங்களில் கணினிகள் வேலை கிடைக்காமல் வரிசையில் நின்றதும் நடந்தது. சர்வர்களும் துண்டுகளைத் தயாரிக்கும் ஆய்வாளர்களும் போதவில்லை. இன்றும் ‘வேலை இல்லை’ என்று சில நேரம் காட்டினால் பதறாதீர்கள், தானாக மறுபடி கேட்கும்.

குறை என்று சொல்ல வேண்டியது, நம் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எளிய மொழியில் சொல்வதில் இந்தத் திட்டம் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. புள்ளி உடனே தெரிகிறது. கட்டுரை வர வருடங்கள் ஆகின்றன, அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் துறை அறிவு வேண்டும். வீட்டில் மறதிநோயோடு ஒருவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள் இதில் ஏராளம். அவர்களுக்குப் புள்ளிப் பட்டியலைவிட நல்ல கணக்கு ஒன்றைத் திட்டம் கொடுத்தே ஆக வேண்டும்.

கணினியே இல்லாதவர்கள் மூளை ஆய்வுக்கு உதவ வேறு வழிகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் மூளை வங்கி இருக்கிறது. இறந்தபின் மூளையைக் கொடையாகப் பெற்று ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்கள். நேரம் கடந்தால் திசு கெட்டுவிடும், குடும்பத்தார் சம்மதமும் வேண்டும் என்பதால் முன்கூட்டியே வீட்டில் பேசி வைக்க வேண்டிய விஷயம் அது.

ஓட்டியவர்கள் விட நினைத்தால், நேரே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஃபினிஷை அழுத்தி, கடைசித் துண்டு 100 சதவீதம் காட்டியபிறகும் ஏற்றம் முடிந்து பட்டியல் காலியாகும்வரை காத்திருந்து, அதன்பிறகு நீக்குங்கள். பாஸ்கீயை எங்காவது குறித்து வைத்தால், அடுத்த வருடம் புதுக் கார்டோடு திரும்பி வரும்போது அதே கணக்கில் தொடரலாம்.